நீல கேட் போட்ட வீடு

செவ்வாய்க்கிழமை, இரவு.

இரண்டாம் வகுப்பு படிக்கும் மகள் நிலாவுக்குச் சூழ்நிலையியலில் ஒரு வீட்டுப்பாடம். வீட்டிலிருந்து பள்ளிக்குப் போகும் வழியை வரைய வேண்டும். தினமும் அவளை அழைத்துப் போவது அவள் அப்பாதான். நாயுடுபுரம் ரோடு, பேக்கரி, சர்ச் எல்லாம் சரியாக வரைந்திருந்தாள். நடுவில் நீல கேட் போட்ட ஒரு வீடு.

"இது யாரு வீடு பாப்பா?"

"அப்பா டீ குடிக்கிற வீடும்மா. அந்த அக்கா எனக்கு பிஸ்கட்டு குடுப்பாங்க."

டீக்கடையா என்று கேட்டேன். இல்லையாம், வீடுதானாம்.

சாப்பிடும்போது அவரிடம் தாளைக் காட்டினேன். "சின்னப் புள்ள, என்னத்தையோ வரைஞ்சிருக்கு" என்று சிரித்தார். கை கழுவி வந்ததும் ரப்பரை எடுத்து அந்த வீட்டை மட்டும் அழித்தார். அந்த இடத்தில் ஒரு மரம் வரைந்தார்.

"அங்க மரமே இல்லப்பா" என்று நிலா அழுதாள்.

தாளின் அடியில் பெற்றோர் கையெழுத்துக்கு இடம் இருந்தது. நான் போடவில்லை.

"நாளைக்கு நானே புள்ளையக் கூட்டிட்டுப் போறேங்க" என்றேன்.

"உனக்கு எதுக்கு அந்தச் சோலி? பனி கொட்டுது" என்றார்.

இந்த எட்டு வருஷத்தில் நான் பனியில் நனைவேன் என்று அவர் கவலைப்பட்டது இதுதான் முதல் தடவை.