வயர்லெஸ் பேசிய விதம்

என் அன்பு மனைவிக்கு,

சின்னவளின் இருமல் தணிந்ததா? சொல்லாமல் கொள்ளாமல் பட்டறையைப் பூட்டிவிட்டு நான் ரயிலேறிய கோபம் உனக்கு இன்னும் ஆறியிருக்காது. போனில் சொல்லலாமென்று இரண்டு முறை எடுத்தேன், வாய் வரவில்லை. அதனால் நர்ஸம்மாவிடம் பேனா வாங்கி, மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். பதறாதே, படுத்திருப்பது நானில்லை. நம் வயர்லெஸ்.

பட்டாளத்தில் என்னோடு வயர்லெஸ் கருவியைச் சுமந்து அந்தப் பெயரையே வாங்கியவன். நம் கல்யாணத்தில் பேசியே சமையல்காரரை ஓட ஓட விரட்டியவன். அவன் வாய் ஓயாதென்று உனக்கே தெரியும். நான் ரயிலேறிய அன்று மதியம் போன் செய்து, "நாயை நீ வச்சுக்கிறியாடா?" என்றான். ஏனென்று கேட்டதற்கு, "சும்மாதான்... வீடு மாத்தலாம்னு" என்றான். சொன்னதில் ஒரு குற்றமும் இல்லை. ஆனால் வார்த்தைக்கு வார்த்தை நடுவில் கிணறு மாதிரி ஓர் இடைவெளி. குரலில் ஏற்றமுமில்லை, இறக்கமுமில்லை.

அந்தக் குரல் எனக்குத் தெரியும். போன வருஷம் முன்னாள் படைவீரர் மருத்துவமனையில் மாதாமாதம் என் பேச்சைப் பதிவு செய்தார்களே, கடைசி முறை நீயும் பக்கத்தில் இருந்தாய். "குரலை வச்சு ஜோசியமா டாக்டரம்மா?" என்று கிண்டலடித்தேன். அவர் சிரிக்கவில்லை. "நீங்க என்ன சொல்றீங்கங்கிறதை விடுங்க. எப்படிச் சொல்றீங்க, எங்க நிறுத்தறீங்க, அதைத்தான் கம்ப்யூட்டர் கவனிக்குது. அதுக்குச் சந்தேகம் வந்திருக்கு. நான் நேராவே கேக்கறேன், சாகணும்னு தோணுதா?" என்றார். நான் வாய் திறப்பதற்குள் நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய். பிறகு முதல் மாதப் பதிவையும் கடைசிப் பதிவையும் போட்டுக் காட்டினார். இரண்டாவதில் பேசிய ஆள் யாரென்றே எனக்குப் புரியவில்லை. அந்த ஆளின் குரலில்தான் வயர்லெஸ் அன்று பேசினான்.

அவன் வீட்டுக் கதவைத் தட்டினேன். நாய் குரைத்தது. திறக்க நேரமானது, மறுபடியும் தட்டினேன். "நீ எதுக்குடா வந்தே?" என்றான். வீடு துடைத்து வைத்தாற்போல் இருந்தது. நாயின் கிண்ணம், கயிறு, மருந்து எல்லாம் ஒரே பையில், வாசலருகே. வழியெல்லாம் சுற்றி வளைத்துப் பேசத்தான் யோசித்து வந்தேன். பையைப் பார்த்ததும் எல்லாம் மறந்துபோய், "சாகப் போறியாடா?" என்று கேட்டேவிட்டேன்.

திட்டுவான் என்று நினைத்தேன். சுவரோரம் அப்படியே உட்கார்ந்துவிட்டான். "யாருமே கேக்கலடா" என்றான். அப்புறம் அழுதான். அவன் செருப்பைத் தேடி எடுத்துக் காலருகே வைத்தேன். மாட்டிக்கொண்டு கூடவே வந்தான்.

இங்கேயும் அவனைப் பேசவைத்துப் பதிவு செய்தார்கள். ஆனால் கம்ப்யூட்டர் சொல்லட்டும் என்று டாக்டர் காத்திருக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து வெகுநேரம் கேட்டுவிட்டு, உடனே சேர்த்துக்கொண்டார். இரண்டு வாரமாவது ஆகுமாம். இன்று காலை, சாப்பாட்டில் உப்பில்லை என்று அவன் போட்ட சண்டை வார்டு முழுக்கக் கேட்டது. எனக்குக் காது குளிர்ந்தது. நாயைக் கீழ்வீட்டுக்காரர் பார்த்துக்கொள்கிறார்.

அவன் இப்போது தூங்குகிறான். நான்தான் உட்காருவதும் எழுவதுமாக இருக்கிறேன். வராந்தா முனைவரை போகிறேன், திரும்புகிறேன். அவன் டாக்டரிடம் சொன்னதில் பாதி எனக்குப் புதிதாகவே இல்லை, எனக்குள்ளும் ஓடுவதுதான். அதுதான் உறுத்துகிறது.

பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். பெரியவளைத் திட்டாதே.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். கடிதம் கிடைத்ததும் போன் செய். "சாப்பிட்டீங்களா" என்று கேட்டுவிட்டு வைத்துவிடாதே. பட்டறையோ, பக்கத்து வீட்டுச் சண்டையோ, எதையாவது பேசு. என்னையும் பேச விடு. "நல்லாத்தான் இருக்கேன்" என்று நான் சொன்னாலும் வைக்காதே. இன்னும் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிரு.

உன் வீட்டுக்காரன்