முடிய இருபது நிமிடம் இருந்தபோது

1978 மே 6, சனிக்கிழமை, மாலை 4.40. கோபுரச் சுவரின் விரிசல் காலையில் மூன்று மில்லிமீட்டர், இப்போது ஐந்து.

அன்புள்ள அப்பா,

உங்கள் மூட்டுவலி எப்படி? நான் நலம். பயப்படாமல் படியுங்கள்.

நார்விச்சில் நான் பழுதுபார்க்கும் தேவாலயத்தில் இன்று எட்டுப் பேர், மூன்று மணி நேரம் இடைவிடாமல் அடித்து முடித்தால்தான் கணக்கில் சேரும் மணியடிப்பு ஒன்றைத் தொடங்கினார்கள். மணிகள் ஆட ஆட விரிசல் அகன்றது. மேலே ஓடி, நிறுத்தச் சொன்னேன்.

"இன்னும் இருபதே நிமிஷம், இன்ஜினியர் தம்பி! பாதியில விட்டா அடிச்சதெல்லாம் வீண்." மணியடிப்பவர்களின் தலைவி வினிஃப்ரெட் கயிற்றை விடவில்லை.

"சுவர் விழுந்தா அடிக்க ஆளே இருக்காதும்மா!"

நிறுத்தினார்கள். ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. நீங்களும் நாற்பது வருடம் மணியடித்தவர். அங்கே இருந்திருந்தால் என் முகத்தைப் பார்த்திருப்பீர்களா?

அம்மாவிடம் தடித்த காலுறை அனுப்பச் சொல்லுங்கள். இனி நான் செய்யப்போவது:

1. ஆறு மணிக்கு மீண்டும் அளப்பேன்.
2. நாளை மணி கிடையாது என்று பாதிரியாரிடம் சொல்வேன்.
3. அடுத்த ஞாயிறு உங்களுக்குப் போன் செய்வேன். மணியை நிறுத்தியதற்குத் திட்டுவதற்காகவாவது எடுங்கள்.

டெரிக்