சேற்றில் நட்ட ஜாக்கி

திங்கட்கிழமை காலை கூரியரில் உங்கள் முகம் வந்தது. பளபளப்புத் தாளில், ஒரு பக்கம் முழுக்க, அச்சு மை வாடை போகாமல். கம்பெனி ஆண்டு மலர் போடுகிறதாம். உங்கள் கழுத்தில் டை கட்டிவிட்டிருக்கிறார்கள். பன்னிரண்டு வருஷம் சட்டையின் மேல் பட்டனைக்கூடப் போடாத மனுஷனுக்குக் கம்ப்யூட்டரில் நீல டை. செத்தவன் அவிழ்த்து எறிய மாட்டான் என்கிற தைரியம். படத்துக்குக் கீழே வெற்றிடம். கூடவே மாப்பிள்ளையின் துண்டுச் சீட்டு: "சார், நாலு வரி. உருக்கமா இருக்கணும். என் கைடன்ஸ்ல வேலை பார்த்தார்னு ஒரு வரி வந்துடட்டும்."

அவருடைய கைடன்ஸ்! மாப்பிள்ளை என்றால் முதலாளியின் மாப்பிள்ளை. தஞ்சாவூர் தொழிற்பேட்டையில் அவருக்கு வேறு பெயர் கிடையாது. மாமனார் இருக்கிறார் என்பதைத் தவிர வேறு தகுதி எதையும் நாம் அவரிடம் கண்டதுமில்லை.

நான் மட்டும் என்ன வாழ்ந்தது? உர மூட்டைக்கு விளம்பரம் எழுதிக்கொண்டிருந்தவன். 'மண் சிரிக்கும், மணி குவியும்' என்று எழுதிய கையை நம்பி, மனுஷர் முதுகெலும்புக்குள் வைக்கிற சாமானுக்கு விளக்கத் தாள் எழுதச் சொன்னார்கள். முதல் நாளே நீங்கள் "வாங்க கவிஞரே" என்றீர்கள். பெரிய மரியாதை என்று ஒரு வாரம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

எனக்குப் புரியவைக்க நீங்கள் பட்ட பாடு கொஞ்சமா? இரண்டு முள்ளெலும்புக்கு நடுவில் டிஸ்க் தேய்ந்துபோனால் அந்த இடத்தில் ஒரு சின்ன டைட்டானியக் கூண்டு வைப்பார்கள். கூண்டு நிறைய எலும்புத் துருவல். நாளடைவில் மேலெலும்பும் கீழெலும்பும் அந்தத் துருவல் வழியாக வளர்ந்து ஒன்றாகிவிடும். "கூண்டு சும்மா காவல்காரன். வேலை செய்யறது எலும்பு" என்பீர்கள்.

பழைய கூண்டுக்கு உயரம் மாறாது. சுத்தியலால் தட்டித்தான் நுழைக்க வேண்டும், நரம்பை அதிகம் ஒதுக்கவேண்டும். நீங்கள் வரைந்துகொண்டிருந்தது விரியும் கூண்டு. மடங்கியபடி சின்ன வழியில் உள்ளே போகும். கைப்பிடியைத் திருகினால் எழும்பும். நான் புல்லரித்துப்போய், 'மொட்டாக நுழையும், மலராக விரியும்' என்று எழுதிக்கொண்டு வந்தேன். கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தீர்கள்.

"கவிஞரே, பூவுக்குள்ள ஸ்க்ரூ இருக்கு, ஆப்பு இருக்கு, பூட்டு இருக்கு. அதெல்லாம் போகத் துருவலுக்கு எங்க இடம்? வீடு முழுக்க மாடிப்படி கட்டிட்டு எங்க பாய் விரிக்கிறது?"

மாப்பிள்ளைக்கு இந்தக் கவலையெல்லாம் இல்லை. அவருக்குத் தெரிந்தது ஒரே எண். வேறு கம்பெனிக் கூண்டு ஆறு மில்லிமீட்டர் எழும்புகிறது, நம்முடையது ஏன் நாலு? "ஏழாக்குங்க சார்." எழுந்து நிற்கிற எதுவும் உட்கார்ந்திருப்பதைவிட உசத்தி என்பது அவருடைய தத்துவம். மாமனார் அறைக்குள் வந்தால் அவர் எழுந்து நிற்கிற வேகத்தைப் பார்த்தவர்களுக்கு அது எங்கே பிறந்த தத்துவம் என்று தெரியும்.

அந்த ஐப்பசி மழை ஞாபகம் இருக்கிறதா? நீடாமங்கலத்தில் ஒரு டாக்டரைப் பார்க்க மூவரும் போனோம். எதிரே வந்த பஸ்ஸுக்கு ஒதுங்குகிறேன் என்று மாப்பிள்ளை காரைச் சேறடித்த வயலுக்குள் இறக்கினார். பக்கத்து வயலில் சம்பா நடவு நடந்துகொண்டிருந்தது. நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வரப்பில் பத்திரமாக நின்றேன். மாப்பிள்ளை டிக்கியைத் திறந்து ஜாக்கியை எடுத்து, காருக்கு அடியில் வைத்து, திருக ஆரம்பித்தார். கார் அசையவில்லை. ஜாக்கி இறங்கியது. இன்னும் வேகமாகத் திருகினார். இன்னும் இறங்கியது.

நட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மா இடுப்பை நிமிர்த்திப் பார்த்தார்.

"ஏன் தம்பி, காரைத் தூக்குறீங்களா, ஜாக்கிய நடுறீங்களா?"

வரிசையே சிரித்தது. "நல்லா ஆழமா நடுங்க, தை மாசம் அறுத்துக்கலாம்" என்றார் இன்னொருவர். உங்கள் அப்பாவும் அம்மாவும் கீழ்வேளூர்ப் பக்கம் அடுத்தவர் வயலில் நட்டவர்கள்தானே. நீங்கள் அவர்களோடு சேர்ந்து வாய்விட்டுச் சிரித்தீர்கள். பிறகு பேண்டை மடித்துக்கொண்டு இறங்கினீர்கள்.

"மாப்ள சார், இதுதான் எழுபது வயசு அம்மாவோட எலும்பு. சேறு. நீங்க ஏழு ஏழுங்கிறீங்களே, இங்க ஏழு திருகினா எது எழும்பும், எது எறங்கும்?"

அந்த அம்மா வரப்பிலிருந்து, சேற்றைச் சமன்செய்யப் பரம்படிக்கிற பலகையைத் தூக்கிக் கொடுத்தார். அதை ஜாக்கிக்கு அடியில் போட்டதும் கார் சாதுவாக ஏறியது. மாப்பிள்ளை நன்றி சொல்லவில்லை. சீட்டில் சேறு பட்டதைப் பற்றி நீடாமங்கலம் வரை பேசிக்கொண்டு வந்தார்.

மறுநாள் கூண்டின் பாதத்தை அகலமாக்கி வரைந்தீர்கள். பாதம் அகலமானால் நுழைகிற வழியும் அகலமாகவேண்டும். சின்ன வழிதானே இந்தக் கூண்டின் பெருமையே! அதனால் கொஞ்சம் மட்டும் அகலம், நாலுக்கு மேல் ஏறாத உயரம், ஓர் அழுத்தத்துக்கு மேல் திருகினால் வழுக்கிச் சும்மா சுற்றும் கைப்பிடி என்று மூன்றையும் ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுக்கவைத்தீர்கள். ஒரு குடும்பத்தில்கூட அவ்வளவு நியாயமாகப் பாகம் பிரித்து நான் பார்த்ததில்லை.

முதலாளி படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கைப்பிடி வழுக்குனா டாக்டருங்க சாமான் மட்டம்னு நினைப்பாங்க" என்றார். அதோடு முடிந்தது. ஏழு ஜெயித்தது.

அப்போதுதான் என்னிடம் வந்தீர்கள். பன்னிரண்டு வருஷத்தில் என்னிடம் நீங்கள் கேட்ட ஒரே உதவி. "விளக்கத் தாள்ல ஒரு வரி போட்டுடுங்க. எலும்பு மெலிஞ்சவங்களுக்கு இதை முழுசா விரிக்கக் கூடாதுன்னு. அது போதும்." போட்டேன். கொட்டை எழுத்தில் போட்டேன். முதலாளி அறைக்குக் கூப்பிட்டு, காபி கொடுத்து, "இது விக்கிற தாளா, பயமுறுத்துற தாளா?" என்றார். காபி ஆறுவதற்குள் அந்த வரியை அடித்துவிட்டேன். அதற்குப் பதில் 'மருத்துவரின் அனுபவத்திற்கேற்ப' என்று எழுதினேன். எவ்வளவு வழவழப்பான வரி பாருங்கள்! பிடிக்கப்போனால் கையில் ஒன்றும் நிற்காது. வழுக்குகிற கைப்பிடி வேண்டாம் என்றார்கள், வழுக்குகிற வாக்கியம் வேண்டும் என்றார்கள். அந்தச் சரக்கு என்னிடம் ஏராளம்.

நீங்கள் சத்தம் போடவில்லை. தாளைப் படித்துவிட்டு, "நல்லா எழுதுறீங்க" என்றீர்கள். அந்த மாதக் கடைசியில் வேலையை விட்டுவிட்டு மோட்டார் பம்பு பட்டறையில் சேர்ந்தீர்கள். நான் உங்களைப் பார்க்க வரவில்லை. வேலை அதிகம் என்று சொல்லிக்கொண்டேன். எங்கள் கம்பெனியில் வேலை அதிகமாம்!

அடுத்த வருஷமே எக்ஸ்ரே வந்தது. வயல் வேலை செய்தே வயதான ஒரு அம்மாவின் முதுகு. கூண்டு ஏழுக்கு விரிந்து, மேலெலும்புக்குள் பாதி புதைந்து கிடந்தது. அந்த அம்மாவால் அதற்குப் பிறகு பத்தடி சேர்ந்தாற்போல் நடக்க முடியவில்லை. 'அறுவை செய்தவரின் கைப்பக்குவக் குறை' என்று கம்பெனி பதில் எழுதியது. கம்பெனி எங்கே எழுதியது, நான்தான் எழுதினேன். பிறகு சத்தமில்லாமல் வழுக்குகிற கைப்பிடி வந்தது, மாப்பிள்ளையின் கண்டுபிடிப்பாக. கோட்டுப் போட்டுக்கொண்டு அதைக் கையில் பிடித்தபடி படம்கூட எடுத்துக்கொண்டார், தலைகீழாகப் பிடித்தபடி. ஆனால் ஆஸ்பத்திரிகளில் கிடக்கும் பழைய கைப்பிடிகளைத் திரும்ப வாங்கவில்லை. வாங்கினால் தப்பை ஒத்துக்கொண்டதாகிவிடுமாம்.

நீங்கள் போனபோது மலர்வளையம் வைத்தார்கள். நடுவில் கம்பெனி லோகோ.

நாலு வரி எழுத உட்கார்ந்தேன். வரவில்லை. எனக்கு! கருமாதிப் பத்திரிகைக்கே எதுகை மோனை போடுகிறவனுக்கு. அந்த டையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, விளக்கத் தாள் அனுப்பும் டாக்டர்களின் மின்னஞ்சல் முகவரிகளை எடுத்தேன். எல்லோருக்கும் ஒரே கடிதம்: பழைய கைப்பிடிக்கு நிறுத்தம் கிடையாது, எலும்பு மெலிந்தவர்களுக்கு அதைக் கொண்டு விரிக்காதீர்கள், இதை முன்பே சொன்னவர் இன்னார், அந்த வரியை அடித்தவன் நான். வீரம் என்று நினைத்துவிடாதீர்கள். அனுப்பிய கையோடு பாங்க் புத்தகத்தை எடுத்து மிச்சம் எவ்வளவு என்று பார்த்தேன். "இப்பத்தான் ரோஷம் வந்துச்சா?" என்று கேட்டுவிட்டு என் மனைவி ரசத்துக்குத் தாளிக்கப் போய்விட்டாள்.

புதன்கிழமை மாப்பிள்ளை போன் செய்தார். "என்ன சார் இப்படிப் பண்ணிட்டீங்க? மாமா ரெண்டு பிபி மாத்திரை போட்டுக்கிட்டாரு." நாளையிலிருந்து வரவேண்டாம் என்றார். நன்றாக இருங்கள் என்றேன்.

நேற்று நாகூர்ப் பக்கத்திலிருந்து ஒரு டாக்டர். சின்ன வயசுக் குரல்.

"லெட்டர் பார்த்தேங்க. அதை டிசைன் பண்ணவர் நம்பர் கொஞ்சம் குடுங்க. வர்ற வாரம் ஒரு அம்மாவுக்குப் போடணும், எலும்பு ரொம்ப மெலிசா இருக்கு. எதுல நிறுத்தணும்னு அவர்கிட்டயே கேட்டுடறேன்."

"அவர் இல்லைங்க டாக்டர்."

"இப்ப எந்தக் கம்பெனில இருக்காரு?"

சொன்னேன். "ஐயோ, எப்ப இறந்தாரு?" என்றார். பிறகு, "அப்ப நீங்களே சொல்லுங்க, அவரோட இருந்தவர்தானே" என்றார். பாதம், உயரம், துருவலுக்கு இடம் என்று நீங்கள் சொன்னதில் எனக்குப் புரிந்ததையெல்லாம் சொன்னேன். அவர் விடவில்லை. "சரிங்க, இந்த அம்மாவுக்கு ரெண்டு வரைக்கும் திருகலாமா, கூடாதா?"

நாக்கு நுனிவரை ஒரு வழவழப்பான வாக்கியம் வந்தது. சத்தியமாக வந்தது.

"தெரியாதுங்க டாக்டர்."

"அப்ப பழைய உயரம் மாறாத கூண்டே வச்சிடறேன். எனக்கும் நிம்மதி" என்று வைத்துவிட்டார்.

முப்பது வருஷமாக எழுதிப் பிழைக்கிறேன். நான் சொன்ன ஒரு வார்த்தையைக் கேட்டு யாரோ ஒரு அம்மாவின் முதுகு தப்பித்தது இதுதான் முதல் தடவை. அந்த ஒரு வார்த்தையை எங்கேயும் தவற விட்டுவிடாமல் வைத்துக்கொண்டிருக்கிறேன்.