வெள்ளிக்கிழமை அரசியல் சட்ட வகுப்பையும் ஜெயசித்ரா டீச்சரையும் எங்கள் பள்ளிக்குத் திருப்பித் தர வேண்டி

அனுப்புநர்:
சின்னப்பிள்ளை,
க/பெ. பூமாலை,
காலனித் தெரு, மருதங்குறிச்சி,
எறையூர் வழி,
பெரம்பலூர் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு முதன்மைக் கல்வி அலுவலர் அவர்கள்,
பெரம்பலூர்.

பொருள்: மருதங்குறிச்சி அரசு உயர்நிலைப் பள்ளி – ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுக்கான அரசியல் சட்ட வகுப்பு நிறுத்தப்பட்டது – சமூக அறிவியல் ஆசிரியை திருமதி ஜெயசித்ரா மாற்றுப் பணியில் அனுப்பப்பட்டது – மறுபரிசீலனை செய்யக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் கரும்பு வெட்டும் கூலித் தொழிலாளி. அறிவொளி இயக்கத்தில் கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டேன். மனு எழுதும் அளவுக்குப் படிப்பு இல்லை. நான் சொல்லச் சொல்ல இதை எழுதுபவள் மேற்படி பள்ளியில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் மகள் வெற்றிச்செல்வி. எழுத்தில் பிழை இருந்தால் அவளுடையது. விஷயத்தில் பிழை இருந்தால் என்னுடையது.

2. ஜெயசித்ரா டீச்சர் சென்ற ஜூலை முதல் வெள்ளிக்கிழமைதோறும் பள்ளி விட்ட பிறகு, விருப்பமுள்ள பிள்ளைகளை இருக்கச் சொல்லி, நம் நாட்டு அரசியல் சட்டம் எப்படி உருவானது என்று நடத்தி வந்தார். மனப்பாடம் செய்யச் சொல்லவில்லை. பிள்ளைகளையே அரசியல் நிர்ணய சபை போல உட்காரவைத்து, ஒரு பிரிவு வேண்டுமா வேண்டாமா என்று இரண்டு கட்சியாக வாதாட விடுவார்.

கைது செய்யப்பட்டவரிடம் காரணத்தைச் சொல்ல வேண்டும், இருபத்துநாலு மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்று இருபத்திரண்டாம் பிரிவில் இருக்கிறதாம். அந்தச் சபையில் இருந்த பலர் வெள்ளைக்காரர் ஆட்சியில் விசாரணை இல்லாமல் சிறையில் கிடந்தவர்கள் என்று டீச்சர் சொல்லியிருக்கிறார். ஆனால் சில நேரங்களில் விசாரணை இல்லாமல் ஒருவரைத் தடுத்து வைக்கலாம் என்றும் அதே பிரிவில் இருக்கிறதாம். சிறையில் கிடந்தவர்களே இப்படியும் ஏன் எழுதினார்கள் என்று கேட்டு, அதையும் வாதாட விட்டிருக்கிறார். அன்று என் மகள் அரசாங்கத்தின் பக்கம் பேசினாள். பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் திரு. செல்லதுரை அவர்களின் மகன் அரவிந்தன் எதிர்ப்பக்கம். அரவிந்தன் கட்சி ஜெயித்துவிட்டது என்று அன்று ராத்திரி இவள் யாரிடமும் சரியாகப் பேசவில்லை.

3. பொங்கல் கழிந்த வாரத்தில் திரு. செல்லதுரை அவர்களின் வயல் கிணற்று மோட்டார் காணாமல் போனது. முந்தின நாள் அந்த வயலில் கரும்பு வெட்டியவர்களில் என் கணவரும் ஒருவர். காலையில் இரண்டு காவலர்கள் வந்து அவரைக் கூட்டிப் போனார்கள். என்ன ஏது என்று சொல்லவில்லை. எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மகளையும் அழைத்துக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போனேன். காலில் விழுந்து கெஞ்சுவதென்று நினைத்துத்தான் போனேன். எனக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான்.

நான் குனிவதற்குள் என் மகள் உதவி ஆய்வாளரிடம் பேசிவிட்டாள். “எங்கப்பாவ எதுக்குக் கூட்டியாந்தீங்கன்னு சொல்லணும்ங்க சார். கைது பண்ணிருந்தா நாளைக்கு இந்நேரத்துக்குள்ள மாஜிஸ்ட்ரேட்டுகிட்ட கொண்டு போவணும்ங்க சார்” என்றாள். சத்தம் போடவில்லை, மரியாதைக் குறைவாகவும் பேசவில்லை.

அவர், “கைதெல்லாம் இல்லம்மா. ஒரு விசாரணை, அவ்வளவுதான்” என்றார்.

“கைது இல்லன்னா எங்கப்பா வூட்டுக்கு வரலாம்ங்களா சார்?” என்று இவள் கேட்டாள்.

அவர் எழுதிக்கொண்டிருந்த நோட்டை மூடினார். பிறகு, “இதெல்லாம் ஒனக்கு யாரு சொல்லிக் குடுத்தா?” என்றார். “எங்க ஜெயசித்ரா டீச்சர்ங்க சார்” என்றாள். எங்களை உட்காரச் சொன்னார். என் கணவரிடம் நாலு கேள்வி கேட்டு, அப்போதே எங்களோடு அனுப்பிவைத்தார். அவரை யாரும் அடிக்கவில்லை. காவல் துறையினர் மீது நான் புகார் சொல்ல வரவில்லை.

4. திரு. செல்லதுரை அவர்களின் தம்பிதான் மோட்டாரில் எரிந்துபோன கம்பிச் சுருளை மாற்றிக் கட்ட டவுனுக்கு எடுத்துப் போயிருக்கிறார் என்பது இரண்டு நாள் கழித்துத் தெரிந்தது. திரு. செல்லதுரை அவர்கள் எங்கள் வீட்டு வாசலுக்கே வந்து, “தப்பா நெனச்சுட்டேன் பூமாலை, மனசுல வச்சுக்காத” என்றார். என் கணவர் அவருக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்து அனுப்பினார். அவர் மீதும் எங்களுக்கு வருத்தம் இல்லை.

ஆனால் காவல் நிலையத்தில் என் மகள் சொன்னதைக் கேள்விப்பட்டு, அடுத்து நடந்த பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில், “பாடம் நடத்தச் சொன்னா புள்ளைங்கள ஸ்டேஷனுக்குப் போயி கேள்வி கேக்கச் சொல்லித் தராங்க” என்று அவர் பேசினார். பலரும் தலையாட்டினார்கள். தலைமையாசிரியர் மறுநாளே வெள்ளிக்கிழமை வகுப்பை நிறுத்தினார். பிறகு பள்ளியிலிருந்து போன கடிதத்தின் பேரில் டீச்சர் செந்துறைப் பக்கம் ஒரு பள்ளிக்கு மாற்றுப் பணியில் அனுப்பப்பட்டுவிட்டார். என்ன நடந்தது என்று அவரிடம் யாரும் விளக்கம் கேட்டதாகத் தெரியவில்லை.

5. டீச்சர் என் மகளைக் காவல் நிலையத்துக்கு அனுப்பவில்லை. அன்று நாங்கள் போனதே அவருக்குத் தெரியாது. அழைத்துப் போனவள் நான். யாரையாவது விசாரிக்க வேண்டுமென்றால் என்னை விசாரிக்கட்டும். எங்கள் தெருவில் இதற்கு முன்பும் ஆட்களைக் கூட்டிப் போயிருக்கிறார்கள். நாங்கள் வெளியே புளியமரத்தடியில் நின்று அழுதிருக்கிறோம். உள்ளே போய்க் கேட்கலாம் என்பதே எங்களுக்குத் தெரியாது. கேட்டால் பதில் சொல்வார்கள் என்பதும் தெரியாது. பிள்ளைகளுக்கு இது தெரிந்திருப்பதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று எனக்கு விளங்கவில்லை.

6. இந்தப் பத்தியை எழுத மாட்டேன் என்று என் மகள் பேனாவைக் கீழே வைத்தாள். நான்தான் வற்புறுத்தி எழுதச் சொல்கிறேன். டீச்சர் பெயரைத் தான் சொன்னதால்தான் அவருக்கு இந்தக் கஷ்டம் என்று அவள் நினைக்கிறாள். டீச்சர் கிளம்பிய அன்று பஸ் நிறுத்தம் வரை போய்விட்டு, கிட்டே போய்ப் பேசப் பயந்து திரும்பி வந்துவிட்டாள். முன்பெல்லாம் நான் உலை வைக்கும்போது புத்தகத்தைச் சத்தமாகப் படித்துக் காட்டுவாள். இப்போது வாயைத் திறப்பதில்லை. கேட்ட கேள்விக்கு உண்மையைச் சொன்ன பிள்ளை இப்படிக் குன்றிப்போனதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

7. போன வெள்ளிக்கிழமை பள்ளி விட்ட பிறகும் சில பிள்ளைகள் அந்த வகுப்பறை வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். கதவு பூட்டியிருந்தது. இருட்டும் நேரத்தில் கலைந்து போனார்கள். அவர்களில் அரவிந்தனும் இருந்தான் என்பதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

ஆகவே, டீச்சரின் மாற்றுப் பணியை ரத்து செய்து அவரை எங்கள் பள்ளிக்கே அனுப்பிவைக்கவும், வெள்ளிக்கிழமை வகுப்பு தொடர்ந்து நடக்கத் தலைமையாசிரியருக்கு உத்தரவிடவும் தங்களைக் கேட்டுக்கொள்கிறேன். விசாரணைக்கு அழைத்தால் வேலையை விட்டுவிட்டு நானும் என் கணவரும் வருகிறோம். உன் மேல் தப்பு இல்லை என்று என் மகளிடம் நான் பலமுறை சொல்லிவிட்டேன். நான் அவள் அம்மா, அப்படித்தான் சொல்வேன் என்கிறாள். டீச்சர் வந்து சொன்னால் நம்புவாள்.

இடம்: மருதங்குறிச்சி
நாள்: 17.02.2003

தங்கள் உத்தரவை எதிர்பார்க்கும்,
(ஒப்பம்) சின்னப்பிள்ளை