கரிக்காத தண்ணீர்

மானாம்பதிக் கூட்டுச்சாலையில் தார் காய்ச்சுகிறார்கள். அந்த வாடை மூக்கில் ஏறியதும் நீ நினைவில் வந்துவிட்டாய். இந்தச் சாலை ஊர்த்தெருவோடு நின்றுவிடும், நம் சேரிக்கு வராது. அது உனக்குத் தெரிந்த கதைதான். நான் சொல்ல வந்தது வேறு.

சென்னைத் துறைமுகத்தில், சின்னப் படகுகளைக் கட்டிவைக்கும் ஓரத்தில், அந்த வெள்ளைக்காரரின் பாய்மரப் படகில் நாம் கழித்த இரண்டு மாதம். கடல் கடந்து ஊர் ஊராய்ப் போகிறவர், படகு ஒழுகியதால் அங்கேயே தங்கிவிட்டார். பலகை இடுக்குகளில் பஞ்சுத் திரியை உளியால் அடித்து இறக்கி, மேலே தார் பூசுவோம். மத்தியானம் பாயை உலர்த்தக் கட்டிவிட்டு அதன் நிழலில் படுப்போம். "இந்தப் படக நம்ம ஏரியில வுட்டா ஏரியே ரொம்பிடும்டா" என்பாய். அந்த இரண்டு மாதம்போல் நான் அதற்குப்பின் சிரித்ததில்லை.

இடுக்கெல்லாம் அடைத்த பிறகும் படகின் அடியில் தண்ணீர் சேர்ந்தது. இறைக்க இறைக்க வந்தது. அதே நாட்களில் படகிலிருந்த குடிநீர்த் தொட்டியும் குறைந்துகொண்டே போனது. அந்தத் தொட்டியை நாம் தொடக்கூடாது என்பது நம்மை வேலைக்குக் கூட்டிவந்த மேஸ்திரியின் உத்தரவு. நம் ஊர்ப்பக்கத்து நிலக்காரர். ஊர்க் கிணற்றுச் சட்டத்தைத் துறைமுகம்வரை சுமந்து வந்திருந்தார்.

"இன்னாடா, வேலயும் ஒழுங்கில்ல, தண்ணியயும் திருடிக் குடிச்சிக்கினு கீறியா? நாளைக்கு வராத" என்று உன்னைப் பிடித்தார். பிறகு என்னிடம் திரும்பினார். "நீ சொல்லுடா. குடிச்சானா இல்லியா?"

நீ குடிக்கவில்லை என்று எனக்குத் தெரியும். கையிலிருந்த உளியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நீ அடித்தட்டுக்குள் இறங்கினாய். எண்ணெய் மிதந்த அந்தக் கறுப்பு நீரை அள்ளி வாயில் விட்டுத் துப்பினாய். சிரித்தாய்.

"கரிக்கவே இல்ல மேஸ்திரி. நல்ல தண்ணி. ஒரு வாய் குடிச்சிப் பாக்கிறீங்களா?"

சேரியின் உவர்க்கிணற்றில் வளர்ந்த நாக்கு அது, ஏமாறாது. உள்ளே வந்தது கடல் இல்லை, தொட்டியின் தண்ணீர். வெள்ளைக்காரர் விளக்கைப் பிடித்து, தொட்டியின் அடியில் இருந்த ஓட்டையில் விரலை வைத்துக் காட்டினார். "சரி சரி, வேலயப் பாருங்கடா" என்றார் மேஸ்திரி. அவ்வளவுதான்.

வெள்ளைக்காரர் அந்தத் தொட்டியிலிருந்தே உனக்கு ஒரு டம்ளர் பிடித்துக் கொடுத்தார். பாதியைக் குடித்துவிட்டு மீதியை என்னிடம் நீட்டினாய்.

"குடி. நீ கூட வாயத் தொறக்கலியேடா."

போன மழைக்காலத்தில் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோகும்வரை மறுபடி ஒருநாளும் நீ அதைச் சொல்லிக்காட்டவில்லை. நானும் மன்னிப்புக் கேட்கவில்லை.

இன்று காலை இந்தச் சாலை வேலையில், மண்வெட்டி ஒன்று காணோமென்று காண்டிராக்டரின் ஆள் ஜல்லி சுமக்கும் ஒருத்தியைத் திருடி என்றான். அவள் பெயர்கூட எனக்குத் தெரியாது.

"அவ எடுத்தத நீ பாத்தியா?" என்றேன்.

"நீ யார்ரா கேக்கறதுக்கு?"

மறுபடியும் கேட்டேன். துறைமுகத்தில் உனக்காகக் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.