கோல் காக்கும் மகனுக்கு

முட்டம்
வெள்ளிக்கிழமை

அன்பு மகன் ஷிபுவுக்கு,

அப்பா எழுதுகிறேன். மாதாவின் கிருபையால் நானும் அம்மாவும் தங்கச்சி ஜின்சியும் இங்கே சுகமாக இருக்கிறோம். சென்னையில் நீயும் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபிக்கிறோம்.

நான் உனக்குக் கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை. போன் செய்தால் நீ எடுப்பதில்லை. கோச் சார் கொண்டுவந்து கொடுத்தாலும் நல்லா இருக்கேன் என்று சொல்லிவிட்டு அவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுகிறாய். திருவனந்தபுரம் மேட்சுக்குப் பிறகு நீ கிளவுஸைத் தொடவே இல்லை, சரியாகச் சாப்பிடுவதும் இல்லை, வீட்டுக்கு அனுப்புங்கள் என்று கேட்கிறாய் என்றெல்லாம் அவர் சொன்னார். திட்டுவதற்காக எழுதவில்லை மக்கா. அன்றைக்கு உங்கள் பஸ் போன பிறகு நடந்தது எதுவும் உனக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

வீட்டு விஷயம் முதலில். சாளை மீன் வலையில் நன்றாகப் படுகிறது. அம்மா உனக்கென்று நெத்திலி காயவைத்திருக்கிறாள், பூனையிடமிருந்து அதைக் காப்பாற்றுவதே அவளுக்குப் பெரிய வேலை. ஜின்சி உன் பழைய பச்சை ஜெர்சியைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூட அணிக்கு விளையாடுகிறாள். திருப்பித் தர மாட்டாளாம், உன்னிடம் சொல்லச் சொன்னாள்.

அந்த மேட்சுக்கு நாங்கள் வேன் பிடித்து வந்தோம். தேசிய இளைஞர் ஃபுட்பால் லீகில் நம் கடற்கரைப் பிள்ளைகள் இரண்டு பேர் எதிரெதிராக நிற்கப்போகிறார்கள் என்றால் ஊர் சும்மா இருக்குமா? வேனில் பாதிப் பேர் உன் சென்னை அணிக்கு, பாதிப் பேர் ரிஜோவின் திருவனந்தபுரம் அணிக்கு. நானும் ததேயுஸ் மாமாவும், இரண்டு அப்பன்மாரும் ஒரே சீட்டில் உட்கார்ந்து வந்தோம். ஒரே வள்ளத்தில் கடலுக்குப் போகிறவர்கள் அன்றைக்கு மட்டும் பிரிந்து உட்காருவோமா? ரிஜோ கோல் அடித்தால் நான் எல்லோருக்கும் டீ வாங்க வேண்டும், நீ தடுத்தால் அவர் வாங்க வேண்டும் என்று பேசிச் சிரித்துக்கொண்டே வந்தோம். ரீத்தா மாமி தன் மகனுக்கும் உனக்கும் சேர்த்து ஒரே பாத்திரத்தில் மீன் வறுத்துக் கொண்டுவந்திருந்தாள்.

அந்தப் பந்து வந்ததை நான் கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். நடுவிலிருந்து நீளமாக அடித்தார்கள். ரிஜோ உங்கள் ஆட்களைத் தாண்டி ஓடி வந்தான். நீ கோலை விட்டு வெளியே பாய்ந்தாய். இரண்டு பேரும் பந்தை மட்டும்தான் பார்த்தீர்கள், அது எனக்குத் தெரியும். மண்ணில் விளையாடின காலத்திலேயே நீங்கள் அப்படித்தான். உன் கை பந்தில் பட்டது, உன் உடம்பு அவன் காலில் விழுந்தது. சத்தம் எனக்குக் கேட்டது. ஸ்ட்ரெச்சர் வரும்வரை நீ அவன் தலையைப் பிடித்துக்கொண்டு முட்டுப்போட்டு இருந்ததையும், கோச் சார் உன்னை இழுத்துக்கொண்டு போனதையும் பார்த்தேன். என்னால் உள்ளே வர முடியவில்லை.

ஆம்புலன்சில் ததேயுஸ் மாமா ஏறினார். நாங்கள் ஆட்டோவில் பின்னாலேயே போனோம். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்திருக்கிறது, பிளேட் வைக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். உன் அம்மா ஆஸ்பத்திரிச் சுவரோடு ஒட்டிக்கொண்டு தூரமாகவே நின்றாள். ரீத்தா மாமி முகத்தைப் பார்க்க அவளுக்குத் தைரியம் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து மாமியே தலையைத் தூக்கி, “ஏட்டி ஜெனிலா, அங்க என்னத்துக்கு நிக்கிய? இங்க வந்து இரி” என்றாள். அம்மா போய் உட்கார்ந்ததும் மாமி அவள் மடியில் கவிழ்ந்து அழுதாள். பிறகு இரண்டு பேரும் சேர்ந்து ஜெபமாலை சொன்னார்கள்.

ததேயுஸ் மாமா அப்படி இல்லை. நான் பக்கத்தில் போனால் எழுந்து ஜன்னலுக்குப் போனார். ஆபரேஷன் முடிந்ததும், நீ ஊருக்குப் போ கிளீட்டஸ் என்று மட்டும் சொன்னார். ஊருக்கு வந்த பிறகு, கொஞ்ச நாளைக்கு வேறு வள்ளத்தில் போகிறேன் என்று நம் வள்ளத்துச் சூசையிடம் சொல்லி அனுப்பினார். சூசை அதைச் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் வலையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

உன்னிடம் மறைக்க மாட்டேன். ஏலக்கூடத்தில் சிலர் வேறு மாதிரியும் பேசினார்கள். ஜெயிக்க வேண்டும் என்று நீ வேண்டுமென்றே மேலே விழுந்தாயாம். ஒருவரிடம் நான் சண்டைக்கே போய்விட்டேன். அன்றைக்கு மீனை விற்காமல் அப்படியே போட்டுவிட்டு வந்துவிட்டேன். அம்மாதான் திரும்பப் போய் விற்றாள்.

ரிஜோ ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தபிறகு அம்மா தினமும் மீன் சூப் வைத்து எடுத்துக்கொண்டு போனாள். நான் போகவில்லை. கிளீட்டஸ் மாமா ஏன் வரவில்லை என்று அவன் கேட்டிருக்கிறான். அதற்கு மேல் போகாமல் இருக்க முடியுமா? போனேன். நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ததேயுஸ் மாமா எழுந்து உள்ளே போய்விட்டார்.

ரிஜோ கால் நீட்டிக் கட்டிலில் இருந்தான். மெலிந்துவிட்டான். ஆனால் பேச்சு குறையவில்லை. அந்த ஆஸ்பத்திரிச் சாப்பாட்டைப் பற்றியே ஒரு மணி நேரம் பேசுவான் போல. டாக்டர் நடக்கலாம் என்கிறார், ஓடுவதைப் பற்றி இப்போது எதுவும் சொல்ல முடியாது என்கிறார். உண்மை அதுதான் மகனே, கூட்டியும் குறைத்தும் சொல்ல எனக்குத் தெரியாது. உன்னைப் பற்றிக் கேட்டான். நீ விளையாடுவதை நிறுத்திவிட்டாய் என்று சொன்னேன். அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

“அவன் கோல் லைன்லயே நின்னிருந்தா நான் கோல் அடிச்சிருப்பேன் மாமா. அவன் வெளிய வந்தது சரிதான். நான் எந்திரிச்சு வரும்போ அவன் போஸ்ட்ல இல்லன்னா, பின்ன நான் ஆருக்கு எதிரா கோல் அடிக்க?”

அவனுக்கு முன்னால் அழக்கூடாது என்று சீக்கிரம் எழுந்து வந்துவிட்டேன். உள்ளே இருந்த ததேயுஸ் மாமாவுக்கும் அது கேட்டிருக்கும். ஆனாலும் அவர் வெளியே வரவில்லை.

நேற்று விடியுமுன் நானும் சூசையும் வள்ளத்தைத் தள்ளிக்கொண்டிருந்தோம். அலை பெரிதாக இருந்தது, இரண்டு பேரால் நகர்த்த முடியவில்லை. திடீரென்று வள்ளம் லேசானது. திரும்பிப் பார்த்தால் மறுபக்கத்தில் ததேயுஸ் மாமா தோள் கொடுத்துத் தள்ளுகிறார். ஏறி எப்போதும் உட்காரும் இடத்தில் உட்கார்ந்தார். கலங்கரை விளக்கு பின்னால் சிறிதாகிக்கொண்டே போனது.

வலையைப் பாய்ச்சிவிட்டுக் காத்திருக்கும்போது அவராகவே சொன்னார். “எனக்கு ஒனக்க பயலோட கோவம் இல்ல கிளீட்டஸே. ஒன்னப் பாத்தா ஒனக்க பய ரெண்டு கால்ல நிக்கது நெனவு வருது. அதான் வரல்ல.”

எனக்கும் அப்படித்தான் இருந்திருக்கும் என்று சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். வலையை இழுக்க ஆரம்பித்தோம். கொஞ்சம் இழுத்த பிறகு, “பய சோறு திங்கியானா?” என்று கேட்டார். இல்லை என்றேன். கரையில் இறங்கி, தன் பங்கில் இருந்த நல்ல அயிலை மீன்களைப் பொறுக்கி, ஜெனிலாவிடம் கொடுத்து ஊறுகாய் போட்டு அவனுக்கு அனுப்பச் சொல் என்று என் கூடையில் போட்டார். இந்தக் கடிதத்தோடு வரும் பாட்டிலில் இருப்பது அதுதான். தினமும் சோற்றோடு வைத்துச் சாப்பிடு.

மக்கா, நீ கட்டாயம் விளையாடு என்று நான் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்தாலும் இது உன் வீடு, யாரும் ஏன் என்று கேட்க மாட்டோம். ஆனால் எதை முடிவு செய்வதானாலும் முதலில் ரிஜோவிடம் பேசு. அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை திருப்பலி முடிந்து நானே அவன் வீட்டுக்குப் போய்ப் பக்கத்தில் இருப்பேன். நீ கூப்பிட வேண்டும். என்ன பேசுவது என்று தெரியாவிட்டால் பேச வேண்டாம், போனை வைக்காமல் மட்டும் இரு. மீதியை அவன் பேசிக்கொள்வான்.

இங்கிருந்தே உன் நெற்றியில் சிலுவை போடுகிறேன். உன் கைக்கும், அவன் காலுக்கும் ஆண்டவர் துணையிருக்கட்டும்.

உன் போனுக்காகக் காத்திருக்கும்
அப்பா,
கிளீட்டஸ்