மணல் தொட்டியில் நீ ஊற்றிய பினாயில்

இன்று காலை உன் வீட்டு மாடிப்படியிலிருந்து பினாயில் வாடை வந்தது. கார்த்திகை தீபத்துக்கு வாடகை அறை கேட்டு ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். உன் மகள் படிகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். உன்மேல் இருந்த பழைய கோபம் எனக்கு அப்படியே எழுந்தது.

நம் இரண்டு வீட்டுக் குளியல் தண்ணீரும் பாத்திரம் கழுவிய தண்ணீரும் வந்து சேர, மதிலோரம் நான் அந்த மணல் தொட்டியைக் கட்டியபோது நீ சிரித்தாய். "குளிச்ச தண்ணிய மறுபடி குளிப்பாட்டப் போறியாடா?" என்றாய். அடியில் ஜல்லி, மேலே ஆற்று மணல். எந்த இன்ஜினியரையும் நான் கேட்கவில்லை. தவறு செய்து செய்து தெரிந்துகொண்டது. மணல்மேல் வழவழப்பாக ஒரு படலம் பிடித்த பிறகுதான் தண்ணீர் தெளிந்து உன் வாழைக்குப் போயிற்று. தார் வெட்டும் அன்று மட்டும் அதை நம்ம தொட்டி என்பாய்.

ஒரு வருடம் தீபத்துக்கு உன் வாடகை அறைகள் நிரம்பியிருந்தன. வந்தவர்கள் முகம் சுளிப்பார்களோ என்று பயந்து, என்னை ஒரு வார்த்தை கேட்காமல், தொட்டி முழுக்கப் பினாயிலை ஊற்றிவிட்டாய். படலம் செத்தது. தண்ணீர் இறங்காமல் தேங்கி அழுகி, அதுவரை இல்லாத நாற்றம் தெருவெல்லாம் அடித்தது. தொட்டியை மூடச் சொல்லித் தெருக்காரர்கள் என் வாசலில் நின்றார்கள். நீயும் அவர்களோடு நின்றாய்.

"கிருமியத்தான கொன்னேன்" என்றாய்.

"அந்தக் கிருமிதான்டா நமக்கு வேலை பாத்துது."

கார்த்திகை முடிவதற்குள் சரியாகாவிட்டால் நானே மூடுகிறேன் என்று அவர்களை அனுப்பினேன். உன்னோடு பேச்சையும் நிறுத்தினேன். மறுநாள் நீ லுங்கியை மடித்துக் கட்டி, மண்வெட்டியோடு தொட்டிக்குள் இறங்கினாய். கெட்ட மணலை நீ சுரண்டிப் போட, நான் கூடையில் வாங்கினேன். மெல்ல மெல்லப் படலம் மறுபடி பிடித்தது. மாதக் கடைசியில், வெளியே வந்த தண்ணீரை உள்ளங்கையில் ஏந்தி மோந்து பார்த்தாய்.

"நாத்தம் இல்ல. ஆனா அன்னிக்குத் தெருக்காரங்க முன்னாடி நீ ஜாஸ்தி பேசிட்ட."

செய்தது தப்பு என்று மட்டும் கடைசிவரை நீ சொல்லவில்லை. நானும் கேட்பதை விடவில்லை.

இன்று உன் மகளிடம் போய், படி கழுவிய வாளித் தண்ணீரை எங்கே ஊற்றப் போகிறாய் என்று கொஞ்சம் கடுமையாகவே கேட்டேன்.

"தெருச் சாக்கடையிலதான் பெரியப்பா. தொட்டிப் பக்கம் பினாயில் போவக்கூடாதுன்னு அப்பா கண்ண மூடறதுக்கு முன்னாடி சத்தியம் வாங்கிட்டுத்தான் போனாரு."

அவளிடம் சொன்னதை என்னிடம் சொல்ல உனக்கு வாய் வரவில்லை. அந்த வருத்தம் எனக்கு இருக்கிறது, இருக்கட்டும். மேல்மணலைச் சுரண்டும் நாளில் இப்போதும் உன் மண்வெட்டியைத்தான் எடுக்கிறேன். உன் மகள் கேட்டால்கூட அதைத் தருவதாக இல்லை.